ஏழாவது கம்பி

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் பாறைச் சிதைவும் அரித்தலும் வருகிற பாடத்தை நான் எப்போதும் ஐப்பசி மழைக்கென்று தள்ளி வைத்துக்கொள்வேன். வெயிலில் நடத்தினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். மழை பெய்யும்போது நடத்தினால் ஜன்னலுக்கு வெளியே ஒருமுறையாவது பார்ப்பார்கள். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து, இங்கே பள்ளிக்கூட வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் என் வழக்கம்.

அந்த வருஷம் பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னால், தெரிந்த மலை ஒன்றை வரையச் சொன்னேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சுரங்கத்து மண்மேட்டை வரைந்து வைத்தார்கள். தட்டையான தலை, படிப்படியாக இறங்கும் சரிவு, மேலே வரிசையாக மரங்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் அடிவானத்தில் பார்ப்பது அதைத்தான். அது மலை இல்லை, நிலக்கரிக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டிய மேடு என்று விளக்கிக்கொண்டே வரிசை வரிசையாகப் போனேன். ஒரு பெண்ணின் நோட்டில் மலையே இல்லை. ஒரு கிணறு வரைந்திருந்தாள். சாதாரணக் கிணறு போலவும் இல்லை, தரைக்கு மேலே புகைபோக்கி மாதிரி உயரமாக நின்றது. பக்கத்தில் ஒரு ஆளையும் போட்டிருந்தாள். கிணறு ஆளைவிடக் கொஞ்சம் உயரம்.

மலை எங்கே என்று கேட்டேன்.

"நான் மலை பாத்ததில்ல மிஸ். இது வளருது. அதனால வரைஞ்சேன்" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதிகம் பேசாத பெண். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, அம்மா டவுன்ஷிப்பில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மணி அடித்ததும் கூப்பிட்டு விசாரித்தேன். அவர்கள் ஊர் சுரங்கத்துக்காக எடுத்த ஊர்களில் ஒன்று. எல்லாரும் காலி செய்து வந்து நாலு வருஷம் ஆகிறது. வீடுகளை இடித்தாயிற்று, ஆனால் சுரங்கம் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. அவர்களுக்கு அங்கே ஒரு புளியமரம் உண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை அம்மாவும் மகளும் போய் உலுக்கிக்கொண்டு வருவார்கள். முதல் வருஷம் அடுத்த வீட்டுக் கிணற்றின் விளிம்பு அவள் இடுப்புக்கு இருந்தது. அடுத்த வருஷம் மார்புக்கு. போன பங்குனியில் தலைக்கு மேலே போய்விட்டது. "நானும் வளந்தேன் மிஸ். ஆனா அது என்னைவிட வேகமா வளருது."

எனக்குச் சட்டென்று புரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கிணறு வளரவில்லை, சுற்றியிருக்கிற தரை இறங்குகிறது. வீடும் மரமும் வேலியும் போன இடத்தில் மழை மண்ணை வாரிக்கொண்டு போகிறது. செங்கல் கட்டு மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. புத்தகத்தில் இரண்டு வரியில் இருப்பது, ஒரு சிறுமியின் இடுப்பிலிருந்து தலைவரை அளக்கிற மாதிரி கண்முன்னால் நடக்கிறது. இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் சுரங்கத்தில் பர்மனென்ட். அந்த வாரம் காலை ஷிப்ட், ஞாயிறு ஓய்வு. மெயின் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினால் பாதை நின்றுவிடுகிறது. அப்புறம் செம்மண்தான். தூரத்தில் சுரங்கத்து இயந்திரத்தின் உறுமல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. பட்டப்பகல், நல்ல வெயில்.

முதலில் கண்ணில் பட்டவை மண்தூண்கள். ஒரு சாண், அரைச் சாண் உயரத்தில் நூற்றுக்கணக்கில் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஏதோ ஒன்று இருந்தது: ஓட்டுத் துண்டு, வளையல் துண்டு, பாட்டில் மூடி, பல் தேய்க்கும் பிரஷ், பொம்மையின் கை. மழைத்துளி விழும்போது அந்தத் துண்டுக்கு அடியில் இருக்கும் மண் மட்டும் கரையாமல் தப்பித்துக்கொள்ளும், சுற்றியுள்ளது போய்விடும். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு கூட்டம் எழுந்து நின்று எங்களையே பார்ப்பதுபோல் இருந்தது. என் கணவர் குனிந்து ஒரு வளையல் துண்டைத் தொடப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று அவரும் கேட்கவில்லை.

அவற்றைத் தாண்டி ஒரு பள்ளம் ஓடியது. இரண்டு ஆள் அகலம், இடுப்பளவு ஆழம். நேராக வந்து, ஓரிடத்தில் கையை மடக்கினாற்போல் திரும்பி மேலே போனது. மழைநீரை அப்படி மடக்கித் திருப்பும்படி அந்த இடத்தில் எந்தத் தடையும் இல்லை. கிணறு அந்த மடக்கில் நின்றது. பள்ளத்துப் பக்கமிருந்து பார்த்தால், அவள் வரைந்ததில் மிகையே இல்லை.

தலைமையாசிரியை அம்மாவிடம் அனுமதி வாங்குவதற்கு ஒரு வாரம் பிடித்தது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார், துணைக்கு ஒரு பெரியவரையாவது கூட்டிப் போகச் சொன்னார். பதினொரு பேர் சேர்ந்தார்கள். துணைக்கு அந்தப் பெண்ணின் அம்மா ஒப்புக்கொண்டாள். சனிக்கிழமை காலைகளில் போய், தரையில் அடித்த கம்பிகளை அளப்பது திட்டம். கம்பியை இரண்டடி நீளத்துக்கு வெட்டி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி அடித்துவிட வேண்டும். மண் போகப்போக வெளியே தெரியும் நீளம் கூடும். எவ்வளவு கூடியதோ அவ்வளவு மண் போயிருக்கிறது.

முதல் சனிக்கிழமை அம்மாக்காரி பாலம்வரை வந்தாள். அதன் கட்டையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க டீச்சர். நான் இங்கியே இருக்கறேன்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

பிள்ளைகளைப் பள்ளத்துக்குள் இறக்கிச் சுவரைக் காட்டினேன். மேலே செம்மண், கீழே சரளை. நடுவே ஓரிடத்தில் ஒரு கோடு மட்டும் கருப்பும் வெளுப்புமாக, ஏடு அடுக்கினாற்போல் இருந்தது. சாணம் மெழுகி மெழுகி ஏறிய தரை அது. பாறைப் படிவுகளைப் படிக்கிற மாதிரி அதையும் படிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் பேச்சைக் கேட்கவில்லை. முன்னும் பின்னும் பார்த்தாள். பள்ளத்தில் கொஞ்ச தூரம் நடந்தாள். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், இது பள்ளம் இல்ல. இது எங்க தெரு."

அவள் சொன்ன பிறகுதான் அந்த மடக்கு எனக்குப் புரிந்தது. பல காலம் மாடும் வண்டியும் ஜனங்களும் நடந்து பதிந்த தடம் அக்கம்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும். மழைநீர் அந்தத் தடத்திலேயே இறங்கிப் போயிருக்கிறது. ஊர் போன பிறகும் தண்ணீர் தெருவழியாகவே நடந்திருக்கிறது, தெரு திரும்பிய இடத்தில் அதுவும் திரும்பியிருக்கிறது. அவள் இருபக்கமும் கையைக் காட்டி யார் யார் வீடு என்று சொல்லிக்கொண்டே போனாள். மூலையில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் வீடு, அவர்கள் கிணறுதான் அது. அதற்கு அடுத்து அவள் வீடு. இன்னும் மேலே நாலு வீடு. பள்ளம் அவள் வீட்டு வாசலோடு நின்றிருந்தது.

இப்படிப்பட்ட பள்ளங்களின் தலை ஒவ்வொரு மழைக்கும் மேல்நோக்கி நகரும் என்பது பாடத்தில் வருகிறது. அதை நான் எடுத்துச் சொன்னதும், ஒரு பையன், "அப்ப அடுத்தது யார் வீட்டுக்கு வரும்?" என்று அவளைக் கேட்டான். அவள் பதில் சொன்னாள். சரியாக அடுத்தடுத்த வாரங்களில் பள்ளம் அவள் சொன்ன வீட்டு வாசல்களைத் தாண்டித் தாண்டி மேலே ஏறியது. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. யாரோ வீடு வீடாகப் போய் எதையோ விசாரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதை நான் வெளியே சொல்லவில்லை.

பத்துக் கம்பிகள் அடித்தோம். ஏழாவதைத் தன் வீட்டு அடுப்படியில் அடிக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். வீடு என்று அங்கே ஒன்றுமில்லை. கால் முழம் உயரத்தில் சுவர்க்கால்களின் மிச்சம், நடுவே மெழுகிய தரை, அவ்வளவுதான். சரி என்றேன். மற்றக் கம்பிகளைச் சுத்தியலால் அடித்து இறக்கக் கஷ்டமாக இருந்தது. ஏழாவது முதல் இரண்டு அடிக்கு அசையவே இல்லை. மூன்றாவது அடிக்குத் தானாகச் சறுக்கிக்கொண்டு இறங்கியது. அடித்த பையன் நிலைதடுமாறினான். எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்பிகள் ஒரு விரல், ஒன்றரை விரல் என்று வெளியே வந்தன. ஏழாவது மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் பெண் தன் அழகான கையெழுத்தில் நோட்டில், 'மாற்றம் இல்லை' என்று எழுதிக்கொண்டு வருவாள். நான் சிவப்பு மையில் டிக் போடுவேன். அதை வைத்தே ஒரு நாள் பாடமும் நடத்தினேன். மனிதர்கள் புழங்கி மெழுகிய தரை எவ்வளவு கெட்டியாகிவிடுகிறது பாருங்கள், மழையால்கூட அதை ஒன்றும் செய்ய முடியவில்லை என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

நாலாவது சனிக்கிழமை அந்தச் சத்தத்தைக் கேட்டோம். இரண்டு நாளாக மழை இல்லை, காற்றும் இல்லை. கிணற்றின் செங்கல் கட்டில் கைவைத்துக்கொண்டு நின்ற பையன் ஒருவன் கையை எடுத்துக்கொண்டான். என்ன என்று கேட்டேன். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்றான். எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிக் காதைக் கொடுத்தேன். டொக் என்று ஒரு சத்தம். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி டொக், டொக். ஒரு பாத்திரத்தைத் தரையில் வைத்து, எடுத்து, வேறு இடத்தில் வைப்பதுபோல் இருந்தது. மேல்பக்கம் ஏறி எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கிடையாது. அந்தப் பக்கத்துக் கிணறுகளெல்லாம் வற்றிப் பல காலம் ஆயிற்று. இருட்டும் ஈரமண் வாசனையும் குளிர்ந்த காற்றும்தான் முகத்தில் அடித்தன. காற்று உள்ளிருந்து வந்தது.

கட்டிலிருந்து கல் உதிர்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். அந்தப் பெண் மட்டும் கிணற்றைப் பார்க்காமல் தன் வீட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனசு கேட்கவில்லை. அந்த வாரம் வடலூருக்கு வேறு வேலையாகப் போனபோது, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் அந்தப் பாயைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அறுபது வயசு இருக்கும். ஊர்ப் பேரைச் சொன்னதும் ஸ்டூலை எடுத்துப் போட்டார். கிணற்றைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தச் சத்தம் நாங்க அங்க இருக்கச்சியே கேக்கும்ங்க டீச்சர்" என்றார். "தண்ணி வத்தினப்புறம்தான் ஆரம்பிச்சுது. வூட்ல பொண்ணுங்க பயந்துக்கினு அந்தப் பக்கமே போவ மாட்டாங்க."

என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்றேன்.

"சத்தம்கூடப் பரவால்லீங்க. அந்தக் கிணறு தூந்துகினே வந்துச்சு. நாங்க காலி பண்ணி வரச்ச பாதிக்கு மேல ரொம்பிப் போச்சு. நான் கொட்டல, யாரும் ஒரு கூடை மண்ணு கொட்டினதில்ல. எங்கருந்து வந்து ரொம்புதுன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அரித்தல், கடத்துதல், படியவைத்தல் என்று மூன்று சொல்லையும் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். ஒரு இடத்தில் மண் வந்து சேர்கிறது என்றால் வேறொரு இடத்திலிருந்து அது கிளம்பியிருக்க வேண்டும் என்று நூறு தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது அது என் மண்டையில் ஏறவே இல்லை. கிணறு தூர்ந்துகொண்டு வந்தது என்று அவர் சொன்னதை ஒரு அமானுஷ்யக் கதை கேட்ட மாதிரி கேட்டு, உடம்பு சிலிர்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஆறாவது சனிக்கிழமை. வானம் மூடியிருந்தது, லேசான தூறல். பாலத்தில் வழக்கம்போல் அம்மாக்காரியை விட்டுவிட்டு நடந்தோம். முதல் இரண்டு கம்பிகளை அளந்து முடிப்பதற்குள் திரும்பிப் பார்த்தால், அவள் பள்ளத்தில் நடந்து வந்துகொண்டிருந்தாள். குடை பிடிக்கவில்லை, முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். அந்த ஆறு வாரத்தில் முதல் தடவையாக உள்ளே வந்திருக்கிறாள். எங்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. மடக்கில் திரும்பி, மேலே ஏறி, தன் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு தலையை நன்றாகக் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

நான் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அங்கே கதவு இல்லை, நிலை இல்லை. சுவரே இல்லை. வெட்டவெளி. தாழ்ந்த நிலைவாசலில் தலை இடிக்காமல் எப்படிக் குனிவோமோ அப்படிக் குனிந்து, இரண்டடி நடந்து, நிமிர்ந்தாள். பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இத்தனை வாரம் நாங்கள் அந்த வீட்டுச் சுவர்களுக்குள் புகுந்து புறப்பட்டு நடந்திருக்கிறோம் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு வந்தது.

அவள் மகளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் ஸ்கேலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஏழாவது கம்பியை அளக்கப் பக்கவாட்டிலிருந்து போனார்கள். அம்மாக்காரி இடது கையை நீட்டி மறித்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க. அடுப்படி" என்றாள்.

அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். அவர்கள் போட்டிருந்தது பள்ளிக்கூட ஷூ. செம்மண் சேறு ஏறி, லேஸ் நனைந்து முடிச்சு இறுகிப் போயிருந்தது. சுவர்க்காலின் மிச்சத்துக்கு வெளியே குனிந்து உட்கார்ந்து அவிழ்க்க ஆரம்பித்தார்கள். நேரமாகிறது, அப்படியே போய் அளந்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதற்கு நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன்.

அடுப்படி உள்ளே போனது.

வெடிப்பு, அதிர்வு எதுவும் இல்லை. மெழுகிய தரை அகலமாக, ஒரு முறம் அளவுக்கல்ல, ஒரு கட்டில் அளவுக்கு, மொத்தமாகக் கீழே இறங்கியது. கம்பி நின்றபடியே இறங்கிப் போனது. அதே சமயம் பக்கத்துக் கிணற்றின் வாயிலிருந்து புஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. கிணற்றின் மேல் படர்ந்திருந்த கொடியின் இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு அடங்கின. அப்புறம் சுரங்கத்து இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது.

ஒரு பையன் ஒற்றைக் காலில் ஷூவோடு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் அவிழ்த்த லேஸைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். குழியின் விளிம்பு அவள் முழங்காலுக்கு முன்னால் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. அடி தெரியவில்லை.

எல்லாரையும் இருந்த இடத்திலேயே நிற்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பள்ளத்தில் இறங்காமல், புளியமர வேர்ப்பக்கமாகச் சுற்றி வரவழைத்தேன். அந்த வேர் இருக்கும் மண்ணை மட்டும்தான் அப்போது நம்ப முடிந்தது. பதினொரு பேர். எண்ணினேன், மறுபடி எண்ணினேன். கடைசியாக அம்மாக்காரி வந்தாள், குனிந்துதான் வெளியே வந்தாள். செருப்பைப் போட்டுக்கொள்ள மறக்கவில்லை.

பாலத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகு எல்லாம் ஒன்றாகத் துலங்கியது. கிணற்றுக் கட்டின் செங்கல்களுக்கு நடுவே சாந்து உதிர்ந்து சந்து விழுந்திருக்கிறது. மழைநீர் தரைக்குள் இறங்கி, அந்தச் சந்து வழியாக வற்றிய கிணற்றுக்குள் வடிந்திருக்கிறது. போகும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. வருஷக்கணக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, அந்தக் குடும்பம் மேலே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அடியில் இந்த வேலை நடந்திருக்கிறது. நாங்கள் கேட்ட டொக் டொக் அவர்கள் அடுப்படி மண் போய் விழும் சத்தம். தரை கெட்டியாக இருந்ததால் கூரை போல் நின்றிருக்கிறது. ஏழாவது கம்பி மாறாததற்குக் காரணம் அதுதான். மேலே அளந்துகொண்டிருந்தேன். கீழே எதுவுமே இல்லை.

தலைமையாசிரியை அம்மாவிடம் திங்கட்கிழமை நானே போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கத்தவில்லை. நோட்டை வாங்கிப் புரட்டினார். ஏழாவது கம்பிக்கு நேரே நாலு முறை 'மாற்றம் இல்லை', நாலு முறையும் என் சிவப்பு டிக். அந்தப் பக்கத்தின்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். பிறகு மூடி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். வெளியே கூட்டிப் போவது அதோடு நின்றது. பெற்றோர்களை வரவழைத்துப் பேசினேன், மன்னிப்பும் கேட்டேன். ஒருத்தர் தவிர யாரும் கடுமையாகப் பேசவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கம்பி தானா சறுக்கிக்கிட்டு இறங்குச்சுன்னு இப்ப சொல்றியே, அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" சுரங்கத்தில் இருக்கிறவருக்கு அந்த ஒரு விவரமே போதும். அன்றைக்கே அவரிடம் சொல்லியிருந்தேன், ஆனால் சிரிப்புக் கதையாக; அவருக்கு அது நினைவில் இல்லை. அவரும் ஏதோ ஞாபகத்தில் சிரித்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மாற்றிடமாகக் கொடுத்த மனையில் கட்டிய இரண்டு அறை வீடு, சிமென்ட் தரை, ஷீட் கூரை. மகள் டியூஷன் போயிருந்தாள். அம்மாக்காரி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தாள். நானும் தரைக்கு இறங்கி உட்கார்ந்தேன். அந்த மூன்று பிள்ளைகளையும் அவள்தான் காப்பாற்றினாள், நான் கூட்டிப் போய்க் குழியில் நிறுத்தப் பார்த்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் வீட்டில் அடுப்படிக்கு அவ்வளவு மரியாதை வைத்திருந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்றேன்.

அவள் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்றேன். வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க" என்றாள். "அந்த வூட்ல நாங்க யாரும் அடுப்படில செருப்பக் கழட்டினதே கெடையாது. ஈரத்துல பூரான் வரும், தேள் வரும். புள்ளைங்களையே போட்டுக்கினு போன்னுதான் சொல்லுவேன்."

அப்படியானால் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டேன்.

"தெரியலீங்க. வாயில வந்துச்சு. சொல்லி முடிச்சப்புறம்தான் நான் சொன்னேன்னே எனக்குத் தெரியும்."

நாங்கள் இருவரும் அந்தச் சிமென்ட் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் உள்ளங்கை தரையில் ஊன்றியிருந்தது, என்னுடையதும் ஊன்றியிருந்தது. வெளியே கீரைக்காரியின் குரல் கேட்டதும் அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். பேச்சு மகளின் படிப்புப் பக்கம் திரும்பியது.

அடுத்த வருஷம் அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள், சுரங்கம் அந்தப் பக்கம் நெருங்கிவிட்டது. அந்தப் பெண் பள்ளிக்கூடம் முடித்து, இப்போது சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. அவள் அம்மா சொன்னதை அவளிடம் நான் சொன்னதில்லை. அம்மா சொன்னாளா என்றும் தெரியாது.

பாடத்தை இன்னும் நான்தான் நடத்துகிறேன். இந்த ஐப்பசியில், நல்ல மழை விட்ட ஒரு மத்தியானம், பிள்ளைகளைப் பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் கால்வாய் அருகே கூட்டிப் போய், சிவப்பாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டினேன். ஒரு டம்ளரில் மொண்டு வைத்து, மண் அடியில் தங்குகிறவரை காத்திருந்தோம். இரட்டை ஜடை போட்ட ஒரு சின்னப் பெண் டம்ளரைப் பார்க்காமல் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நாம நிக்கற எடம் கெட்டியா?" என்று கேட்டாள்.

கெட்டிதான் என்றேன். அந்த மைதானம் ஐம்பது வருஷமாகப் பிள்ளைகள் ஓடி விளையாடும் மைதானம் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு எல்லாரையும் வராந்தாவுக்கு ஏறச் சொன்னேன்.